பெண் கொடுத்த தூரம்: பழைய காலத்து உறவும் பயணமும், ஓர் எளிய விளக்கம்

குமரி மாவட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சிமாரிடம் பிறந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்து ஊரைத்தான் சொல்வார்கள். ஈத்தாமொழியில் வாக்கப்பட்டவர் ராஜாக்கமங்கலம் என்பார். பூதப்பாண்டியில் இருப்பவர் தாழக்குடி என்பார். அதே ஆச்சியின் பேத்தியைச் சென்னையிலோ துபாயிலோ கட்டிக் கொடுத்திருப்பார்கள்.

பெண் பிறந்த ஊருக்கும் மாப்பிள்ளை ஊருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைச் சமூக ஆய்வு செய்பவர்கள் ஓர் அளவுகோலாக வைத்துப் பார்ப்பதுண்டு. நம் வசதிக்கு அதை 'மண தூரம்' என்று வைத்துக்கொள்வோம். ராஜா போன வழியும் படை போன வழியும் சரக்கு போன வழியும் ஏடுகளில் இருக்கும். சாதாரணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வாழ்நாளில் எவ்வளவு தூரம் நடமாடினாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதை ஓரளவு கணக்கிட்டுச் சொல்லக்கூடியது இந்த மண தூரம்தான்.

"அந்தக் காலத்தில் பாசம் அதிகம், பெண்ணைக் கண்ணெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள நினைத்தார்கள்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாசம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. 'கிட்ட உறவு முட்டப் பகை' என்று பழமொழி சொன்னவர்களும் அதே ஆட்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். என் கணிப்பில் தூரத்தை முடிவு செய்தவை இரண்டு: ஒன்று கால், இன்னொன்று கடமை. ஒரு மனிதன் ஒரு பகலில் எவ்வளவு நடப்பான், எந்தெந்தக் காரியத்துக்கு அவன் நடந்தே தீரவேண்டும் என்ற கணக்குதான் அது.

துட்டி சொல்லப் போன ஆள்

கணக்கைச் சாவிலிருந்து தொடங்குவது நல்லது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடலாம். சாவு அப்படி வருவதில்லை.

ஒரு வீட்டில் துட்டி விழுந்தால் உறவுக்காரர் வீடுகளுக்கு ஆள் விடுவார்கள். தந்தியும் போனும் இல்லாத நாளில் அந்த ஆள் நடந்துதான் போக வேண்டும். இறந்தது வாழ வந்த பெண் என்றால் பிறந்த வீட்டார் வந்து கோடி (புதுத்துணி) போடாமல் எடுக்க முடியாது. அண்ணனோ தம்பியோ அவர்கள் பிள்ளைகளோ வந்தாக வேண்டும். நம் ஊர் வெக்கையில் உடலை நாள்கணக்கில் வைத்திருக்கவும் வழியில்லை.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். சுமையில்லாமல் விரசலாக நடந்தால் மணிக்கு 4 கிலோ மீட்டர் போகலாம். தாய்வீடு 10 கிலோ மீட்டரில் இருந்தால் சொல்லப் போக இரண்டரை மணி நேரம், கேட்டவர்கள் கிளம்பி வர இரண்டரை மணி நேரம். காலை 6 மணிக்கு ஆள் விட்டால் மதியத்துக்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள். 20 கிலோ மீட்டர் என்றால் போகவர 10 மணி நேரம். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து சேர்வார்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம். 40 கிலோ மீட்டர் என்றால் 20 மணி நேரம். அந்தக் கணக்கு நடக்காது. பிறந்த வீட்டார் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும், அல்லது பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் பெண் பார்க்கும்போது இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல காரியம் பேசுகிற இடத்தில் சாவை யார் எடுப்பார்கள்? "நல்லது கெட்டதுக்கு வந்து போகிற தூரம்" என்று மட்டும் சொல்வார்கள். அந்தக் 'கெட்டது'க்குள் இவ்வளவு கணக்கும் அடக்கம்.

பிறப்புக்கும் இதே போல ஒரு கணக்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதத்தில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். வசதியுள்ளவர்கள் வில்லுவண்டி பூட்டுவார்கள், இல்லாதவர்கள் நடத்தித்தான் கூட்டிப் போவார்கள். பள்ளமும் மேடுமான தடத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரியை வண்டியில் உட்கார்த்தி வைப்பதா, மெல்ல நடத்துவதா என்பதே வீட்டுக்கு வீடு விவாதமாக இருந்திருக்கும். இரண்டாம் நாளும் தொடர வேண்டிய பயணம் என்றால் யாரும் துணிய மாட்டார்கள்.

இவற்றோடு சீர். தலைப்பொங்கலுக்குப் பொங்கல்படி கொண்டு போக வேண்டும். அரிசி, கரும்பு, மஞ்சள் குலை, வாழைக்குலை, பானை எல்லாம் தலைச்சுமையாகப் போக வேண்டியவை. ஒரு முழு ஏத்தன் வாழைக்குலையைத் தலையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று நினைத்துப் பாருங்கள், மண தூரம் ஏன் குறுகியிருந்தது என்பது கழுத்துக்கே விளங்கும். மாமன் மகளையும் அத்தை மகனையும் முறை வைத்துக் கட்டியதற்குச் சொத்து, சாதி என்று பல காரணங்கள் சொல்வார்கள், எல்லாம் உண்மைதான். ஏற்கெனவே நடந்து பழகிய வழியில் இன்னொரு தலைமுறையும் நடந்தது என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்த காலத்தில் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது அக்காள் தங்கை மகனுக்குப் போனது. அக்காள் தங்கையைத் தூரத்தில் கொடுத்தால் வாரிசும் தூரமாகிவிடும்.

மூன்று நாள் தொலைவு

பழைய தூரத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப்பு கிடைக்கிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் பவனியாகப் போகிறார்கள். திருவிதாங்கூர் அரசின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து அங்கே மாறிய பிறகும் விடாமல் நடக்கிற சடங்கு. முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கல், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையில், மூன்றாம் நாள் திருவனந்தபுரம். சுமார் 55 கிலோ மீட்டர், மூன்று நாள் பயணம். பஸ்ஸில் இன்று இரண்டு மணி நேர வழி. பவனியில் வரவேற்பும் பூசையும் சேர்வதால் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனால் குடும்பத்தோடும் மூட்டைமுடிச்சோடும் நடந்தவர்களின் வேகமும் ஏறக்குறைய இதுதான். மாட்டுவண்டியிலும் பெரிய லாபம் கிடையாது. மாடு நடக்கிற நடைதான் வண்டியின் வேகம், அதற்கு இடையில் தீனியும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும்.

தனி ஆள் ஓட்டமும் நடையுமாகப் போனால் எவ்வளவு முடியும் என்பதற்குச் சிவராத்திரியில் நடக்கும் சிவாலய ஓட்டம் சாட்சி. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோவில்கள், 100 கிலோ மீட்டரை ஒட்டிய சுற்று. கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு இரவு பகல் பாராமல் ஓடுகிறார்கள். விரதம் இருந்து பழகிய கால் அது. ஒக்கலில் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மழையும் வழியை அடைக்கும். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஆற்றில் வெள்ளம் வந்தால் பாலம் இல்லாத இடத்தில் அக்கரை உறவு அக்கரையில்தான். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகங்களின் அறுப்புக்கும் பிறகு கையில் நெல்லும் காலில் ஓய்வும் கிடைக்கிற நாட்களில்தான் மக்கள் ஊர் விட்டு ஊர் போனார்கள். மண்டைக்காட்டு மாசிக் கொடை கும்பப்பூ அறுப்பை ஒட்டி வருகிறது. மாசி 20-ல் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் விழாவும், டிசம்பர் 3-ல் முடிகிற கோட்டாறு சவேரியார் திருவிழாவும், மார்கழியில் சுசீந்திரம் தேரும் இந்த வகையில் பெரிய கூட்டங்கள். சாமி கும்பிடப் போகிறேன் என்று கிளம்பினால் மாமியார் தடுக்க முடியாது. கட்டிக்கொடுத்த அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இடமாகத் திருவிழாக்கள் இருந்திருக்கின்றன. கல்யாணப் பேச்சுகளும் அங்கேதான் முளைவிட்டன.

வழியில் தங்க இடம்

ஒரு நாளைத் தாண்டிய பயணம் என்றால் இரவு எங்கே படுப்பது, யார் சோறு போடுவது என்ற கேள்வி வந்துவிடும். வழியம்பலங்கள், கல்மண்டபங்கள், சத்திரங்கள், தண்ணீர்ப்பந்தல்கள் எல்லாம் இருந்தன. இவற்றோடு, குமரி மாவட்டத்தில் பழைய சாலையோரங்களில் இப்போதும் சில இடங்களில் நிற்கிற சுமைதாங்கிக் கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு கல்தூண்கள், மேலே குறுக்காக ஒரு கல். அவ்வளவுதான் அதன் அமைப்பு. அதன் சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. தலையில் பெரிய சுமையோடு தனியாக வருகிறவர் சுமையைத் தரையில் இறக்கினால் மறுபடி தூக்கி வைக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆளில்லாத வழியில் யாரைத் தேடுவது? சுமைதாங்கி ஏறக்குறைய தோள் உயரத்தில் இருக்கும். குனியாமலே சுமையை அதன் மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம், பிறகு அப்படியே தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நட்டு வைப்பது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமையை வாங்கிக்கொள்ளும் கல். தாய்வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் இடையே நடந்த பெண்களில் எத்தனை பேர் இன்னொரு பெண்ணின் பேரில் நின்ற கல்லில் குலையையும் கடவப்பெட்டியையும் இறக்கி வைத்திருப்பார்கள்!

தங்குமிடங்கள் எல்லாருக்கும் திறந்திருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைகள் பிராமணருக்குச் சோறு போட்டவை. கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கக்கூடப் பல சாதியாருக்கு அனுமதி இல்லை. அந்தத் தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1926-ல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. கோவில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12-ல். ஆக, வழி மறுக்கப்பட்டவர்களுக்குச் சுற்றுவழியும் கூடுதல் நடையும்தான் மிச்சம். பொதுச் சத்திரம் இல்லாதவருக்கு உறவுக்காரர் வீடுதான் சத்திரம். மூன்று மணி நேர நடைக்கு ஒரு சித்தி வீடு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு மைனியின் தாய்வீடு என்று இருந்தால்தான் தூரப் பயணம் நடக்கும். உறவு என்பது அவர்களுக்குச் சாலை வசதியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அதனால்தான் வழியில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் கை நனைக்காமல் போனால் பெரிய குற்றம். நீங்கள் சாப்பிடாமல் போனால் அவர்கள் உங்கள் ஊர்ப்பக்கம் வரும்போது எந்த முகத்தோடு உங்கள் திண்ணையில் உட்காருவார்கள்? எழுதாத கணக்கு அது. பற்று வைத்தால்தான் வரவும் வைக்க முடியும்.

எந்தத் திசையில் பெண் கொடுத்தார்கள்

தூரம் மட்டும் பார்த்தால் போதாது, திசையையும் பார்க்க வேண்டும். வடக்கே மலை, தெற்கே கடல். நடந்து வெளியேற வசதியான வாசல்கள் இரண்டு: கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், மேற்கே களியக்காவிளைப் பக்கம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்காரர்களுக்குப் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் உறவு இருக்கும். விளவங்கோட்டுக்காரர்களுக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர் ராஜ்யமாகவும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்த நிலத்தில் அடங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் சீமையே வேறு. இந்தப் பக்கம் 28 சக்கரம் ஒரு ரூபாய், அந்தப் பக்கம் 16 அணா ஒரு ரூபாய். கிழக்கே பெண் கொடுத்தவர்கள் இரண்டு நாணயத்திலும் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். 1956-க்குப் பிறகு நிலைமை திரும்பியது. கிழக்கு உறவு ஒரே மாநிலமாயிற்று, மேற்கு உறவு அடுத்த மாநிலமாயிற்று. களியக்காவிளையைத் தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதற்காக நின்றுவிடவில்லை.

கடற்கரை ஊர்களில் கணக்கு வேறு மாதிரி. ஒரு கரைக்காரர் உள்நாட்டில் இரண்டு கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் சம்பந்தம் வைப்பது அபூர்வம். பல ஊர் தள்ளியிருக்கும் இன்னொரு கரையில் வைப்பார். வள்ளமும் கட்டுமரமும் போகிற வழிதான் அவர்களுக்குச் சாலை. வரைபடத்தில் பக்கமாகத் தெரிவது வாழ்க்கையில் பக்கமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கொழும்புக்குப் போனவர்கள்

இந்தக் கட்டுப்பாட்டை எல்லாம் உடைத்துக்கொண்டு போனவர்களும் நம் ஊரில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தெற்குத் திருவிதாங்கூரிலிருந்து ஏழை எளியவர்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போனார்கள். பஞ்சமும் அடிமைத்தனமும் சாதிக்கொடுமையும் துரத்திய காலம். ஆரல்வாய்மொழி வழியாகக் கிழக்கே நடை, தூத்துக்குடியில் கப்பல், கொழும்பிலிருந்து மறுபடி மலைக்கு ஏற்றம். 1876-ல் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் வந்ததும் நடை குறைந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அது பெரிய வாசல்.

இங்கேயும் வழிகாட்டியது உறவுதான், ஆனால் அதன் இன்னொரு முகம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் தன் ஊர், தன் சாதி, தன் சொந்தத்திலிருந்தே ஆட்களைக் கூட்டிப்போனார். ஒருவர் போய் நிலைத்ததும் தம்பியை இழுப்பார், தம்பி மச்சினனை இழுப்பான். இதைச் 'சங்கிலிக் குடியேற்றம்' என்கிறார்கள். அறியாத தேசத்துக்கு அறிந்த ஆளோடு போகிறோம் என்ற தைரியம் கிடைத்தது உண்மை. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்ததும் அதே ஆள், கடனைக் கழுத்தில் கட்டியதும் அதே ஆள் என்பதும் உண்மை. மாமா என்று கூப்பிட்ட வாயால் கூலிக்கணக்கு கேட்க முடியாது. சொந்தம் கூடவே வந்ததால் எல்லாம் நல்லபடி நடந்திருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கடல் கடந்தவன் சாவுக்கு வர முடியாது. அப்போது கடமைகள் கைமாறின. கொள்ளி வைக்கப் பங்காளி மகன், கோடி போடச் சித்தப்பா, படி கொண்டு போக மச்சினன் என்று ஊரில் இருப்பவர்கள் அவன் இடத்தில் நின்றார்கள். அவன் பங்காகப் பணம் வந்தது, கடிதம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் உபதேசியாரோ வாத்தியாரோ கடிதத்தை வாசித்துக் காட்டினார்கள். பதிலையும் அவர்களே எழுதினார்கள். புருஷனிடம் சொல்ல வேண்டியதை ஊர் வாத்தியார் முன்னால் சொன்ன பெண் எதைச் சொல்லியிருப்பாள், எதை விழுங்கியிருப்பாள்! திருவிதாங்கூருக்குச் சொந்தமாக அஞ்சல் இலாகா இருந்தது. மணி கட்டிய கோலோடு ஓட்டக்காரர்கள் பையைக் கொண்டு போவார்கள். 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. ஊரிலிருந்து கிளம்புகிறவர் கையில் முந்திரிக்கொத்து கட்டிக் கொடுப்பார்கள். பயறும் சர்க்கரைப்பாகும் சேர்ந்த உருண்டை, வாரக்கணக்கில் கெடாது. கப்பலுக்கும் தாங்கும், மாமியார் வீட்டுக்கும் ஆகும்.

தூரம் நீண்ட விதம்

சைக்கிள் வந்ததும் ஒரு பகலில் எட்டும் தூரம் இரண்டு மூன்று மடங்கானது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு பஸ் விடத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முக்கியத் தடமே திருவனந்தபுரம்–கன்னியாகுமரிதான். மூன்று நாள் வழி ஒரு பகலுக்குள் சுருங்கியது. ரயில் மட்டும் மிகத் தாமதம். 1979-ல்தான் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தது, 1981-ல் திருநெல்வேலியோடு இணைந்தது. அதுவரை மெட்ராஸ் போக வேண்டுமென்றால் முதலில் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போயாக வேண்டும்.

உங்கள் குடும்பத்தின் மண தூரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு தாளில் தலைமுறை வாரியாக வீட்டுக்கு வந்த பெண்களையும், வீட்டிலிருந்து போன பெண்களையும் எழுதுங்கள். பேருக்கு எதிரே பிறந்த ஊர், வாழ்ந்த ஊர். போனில் மேப்பைத் திறந்து நடைவழித் தூரத்தைப் போடுங்கள். கார் வழியைப் போட்டால் கணக்கு தவறும், ஏனென்றால் பழைய ஒற்றையடிப் பாதைகள் வயல் வரப்பிலும் குளத்தங்கரையிலும் குறுக்கே போயிருக்கும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஆலயத் திருமணப் பதிவேட்டில் இரண்டு பேரின் ஊரும் இருக்கும், பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கேட்டால் பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை, பிரமாணம் என்கிற சொத்துப் பத்திரம், பாகப்பத்திரம் உதவும். பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள், அதோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஒரே பேரில் பல ஊர்கள் இருப்பதால் புத்தூர், மேலூர் என்று பொதுப்பேர் வந்தால் எந்தத் தாலுகா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண்களின் பேரை ஆண்களிடம் கேட்டால் பாதி கிடைக்காது. மாமிமாரிடமும் ஆச்சிமாரிடமும் கேளுங்கள்.